ஆல்ட்டோவுக்கு 13 இஞ்ச் ஸ்டீயரிங்: ஏலகிரி போவதற்குள் மாட்டலாமா?

காட்பாடி ஆல்ட்டோ
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2009 மாடல் ஆல்ட்டோ. பவர் ஸ்டீயரிங் கிடையாது, ஏர்பேக் கிடையாது. மாமாவிடமிருந்து வாங்கி எட்டு மாதம் ஆகிறது. நான் ஆறடிக்கு ஒரு இஞ்ச் குறைவு. சீட்டை முன்னால் இழுத்தால் ஸ்டீயரிங்கின் அடிப்பக்கம் தொடையில் இடிக்கிறது, பின்னால் தள்ளினால் முதுகைச் சீட்டிலிருந்து எடுத்தால்தான் மேல்பக்கம் கை எட்டுகிறது. தினமும் காட்பாடியிலிருந்து ராணிப்பேட்டைக்கு வேலைக்குப் போய் வருகிறேன், இறங்கும்போது வலது தோள் பிடித்துக்கொள்கிறது. திருப்பவும் ரொம்ப கனமாக இருக்கிறது.

நேற்று டவுனில் ஒரு ஆக்சஸரி கடையில் 13 இஞ்ச் ஸ்டீயரிங் ஒன்று காட்டினார்கள். கறுப்பு ரிம், சிவப்புத் தையல், பார்க்கவே கெத்து. அதைப் போட்டால் தொடை இடிக்காது, வண்டி டக் டக்கென்று திரும்பும், கனமும் குறையும் என்கிறார் கடைக்காரர். இப்போது இருப்பதை டேப் வைத்து அளந்தேன், 38 செ.மீ. வருகிறது. அடுத்த மாதம் நண்பர்களோடு ஏலகிரி போகிறோம், அதற்குள் மாட்டிவிடலாமா?

பாலாறு மணல்
மாட்டுங்க தலைவா. போட்டோ மறக்காமல் போடுங்க.

சத்துவாச்சாரி ஒர்க்‌ஷாப்
அவசரப்படாதீங்க தம்பி. கடைக்காரர் சொன்ன மூன்றில் ஒன்று பாதி உண்மை, ஒன்று தப்பு, ஒன்று நேர் எதிர்.

முதலில் கனம். ஸ்டீயரிங் என்பது நெம்புகோல், அவ்வளவுதான். வீல் நட்டு இறுகிக்கொண்டால் என்ன செய்கிறோம்? பானா கைப்பிடியில் பைப்பைச் சொருகி நீளமாக்கி மிதிக்கிறோம். பைப் எவ்வளவு நீளமோ அவ்வளவு லேசு. ஸ்டீயரிங்கைச் சின்னதாக்குவது அந்தப் பைப்பை அறுத்துப் போடுவது மாதிரி, கனம் கூடுமே தவிரக் குறையாது.

அப்புறம் டக் டக்கென்று திரும்புகிற கதை. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு எத்தனை சுற்று என்று இப்போது எண்ணி வைத்துக்கொள்ளுங்கள், சின்னதை மாட்டிவிட்டு மறுபடி எண்ணுங்கள், அதே சுற்றுதான் இருக்கும். அது கீழே ரேக் என்கிற பல் வைத்த கம்பியிலும் பினியன் என்கிற சின்னப் பல்சக்கரத்திலும் இருக்கிற பல் கணக்கு, மேலே எந்த வட்டத்தைப் போட்டாலும் மாறாது. கை போகிற தூரம் மட்டும் குறையும், அதனால் சீக்கிரம் திரும்புகிற மாதிரி ஒரு நினைப்பு வரும்.

தொடை விஷயம் பாதி உண்மை. எவ்வளவு இடம் கிடைக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

எந்திரவியல் மாணவன்
கணக்கு நான் போடுகிறேன் அண்ணா, காட்பாடியில்தான் படிக்கிறேன், நாளைக்கு லேப் இல்லை.

13 இஞ்ச் என்றால் 33 செ.மீ. 38-க்கும் அதற்கும் வித்தியாசம் 5 செ.மீ. வட்டத்தின் நடு அதே இடத்தில் இருப்பதால் மேலே இரண்டரை, கீழே இரண்டரை என்று பிரிந்துவிடும். ஆக உங்கள் தொடைக்குக் கிடைக்கப்போவது இரண்டரை சென்டிமீட்டர், ஒரு இஞ்ச்.

கைக்கு வேண்டிய விசை ஆரத்துக்கு எதிராகப் போகும். 19-ஐ 16.5-ஆல் வகுத்தால் 1.15. நின்ற இடத்தில் திருப்ப இப்போது 10 கிலோ அளவுக்கு இழுக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் 11.5 கிலோ இழுக்க வேண்டும். கேட்கச் சின்னதாக இருக்கும், ஒரு நாளில் எத்தனை தடவை திருப்புகிறோம் என்று பெருக்கிப் பாருங்கள். லாபம் என்னவென்றால், ஒரு முழுச் சுற்றுக்குக் கை 119 செ.மீ. போய்க்கொண்டிருந்தது 104 ஆகும்.

ஹைவேயில் இது வேறு மாதிரி வேலை செய்யும். கை ஒரு சென்டிமீட்டர் அசைந்தால் பெரிய வட்டத்தில் 3 டிகிரி, சின்னதில் மூன்றரை. தும்மினால் லேன் மாறிவிடும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நேராகப் போகும்போது படபடப்பு தெரியும்.

ஆற்காடு மக்கன்பேடா
தம்பி சொன்ன படபடப்பை அனுபவித்தவன் நான். பத்து வருடம் முன்னால் என் பழைய வண்டியில் இதே வேலையைச் செய்தேன், 12 இஞ்ச்சா 13-ஆ என்று இப்போது ஞாபகமில்லை. டவுனுக்குள் சந்தோஷம். வாலாஜா தாண்டி ஹைவே ஏறி எண்பதைத் தொட்டதும் கையைக் கல் மாதிரி வைத்திருக்க வேண்டியதாகிவிட்டது. ரோட்டில் ஒரு ஒட்டு வந்தால் போதும், ஸ்டீயரிங் உள்ளங்கையில் உதைக்கும். பெரிய வட்டத்திலும் அந்த உதை வரும், ஆனால் நெம்புகோல் நம் பக்கம் நீளமாக இருப்பதால் அடங்கி வரும், சின்ன வட்டத்தில் அப்படியே கைக்கு வந்துவிடுகிறது.

கடையில் யாரும் சொல்லாத இன்னொன்று. புது ஸ்டீயரிங்கை நேராக மாட்ட முடியாது, நடுவில் பாஸ் கிட் என்று ஒரு உருளை வைப்பார்கள். அது ஸ்டீயரிங்கை உங்கள் நெஞ்சுப் பக்கம் சில சென்டிமீட்டர் தள்ளிக் கொண்டுவரும். எனக்குப் போட்டதில் இண்டிகேட்டரைத் திருப்பிவிடும் பல் இல்லை, வளைவு முடிந்த பிறகும் இண்டிகேட்டர் அணையாமல் மினுக்கிக்கொண்டே இருக்கும். ராணிப்பேட்டையில் போட்ட இண்டிகேட்டரோடு ஆற்காடு வரைக்கும் போயிருக்கிறேன், பின்னால் வந்தவர்கள் என் குடும்பத்தையே விசாரித்தார்கள். போதாததற்கு ரிம்மின் மேல் விளிம்பு ஸ்பீடாமீட்டரைச் சரியாக 60-க்கும் 100-க்கும் நடுவில் மறைத்தது.

பாலாறு மணல்
60-க்கும் 100-க்கும் நடுவில்தானே போலீஸும் நிற்கிறார்கள் 😂

பழைய டிரைவர் மகன்
இந்த இழையைப் பார்த்ததும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், மன்னிக்கவும்.

அப்பா வேலூர் – திருவண்ணாமலை ரூட்டில் பஸ் ஓட்டியவர். அந்தக் காலத்து பஸ்ஸுக்குப் பவர் ஸ்டீயரிங் ஏது. சின்னப் பையனாக டிப்போவுக்குப் போனால் என்னைத் தூக்கி அந்த ஸ்டீயரிங் முன்னால் உட்கார வைப்பார், இரண்டு கையையும் விரித்தாலும் இரண்டு ஓரமும் சேர்ந்து பிடிபடாது. காரில் ஸ்டீயரிங் நம்மைப் பார்த்து நிற்கும், பஸ்ஸில் அது சாப்பாட்டுத் தட்டு மாதிரி படுத்திருக்கும். ஏன் அப்படி என்று ஒருமுறை கேட்டேன். "கையால திருப்பினா சாயங்காலம் சோறு பிசைய கை இருக்காதுடா, முதுகால திருப்பணும்" என்றார். படுத்த வட்டத்தில் உடம்பை முன்னால் சாய்த்து, தோளையும் முதுகையும் சேர்த்துத் தள்ள முடியும். பழைய பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டியைத் திருப்பும்போது அவர் பாதி எழுந்தே நிற்பார், பார்த்திருக்கிறேன்.

அம்பாஸடரிலும் அதே கதைதான், பெரிய மெல்லிய வட்டம். ஸ்டைலுக்காக அப்படி வைக்கவில்லை, அது இல்லாமல் அந்த வண்டியைத் திருப்ப முடியாது. 1951-ல் அமெரிக்காவில் கிரைஸ்லர் இம்பீரியலில் பவர் ஸ்டீயரிங் விற்பனைக்கு வந்தது, அதற்கப்புறம்தான் கார்களில் வட்டம் சுருங்குவதற்கே வழி பிறந்தது. வட்டத்தைச் சுருக்க ஆசை எல்லோருக்கும் இருந்திருக்கும், தோள்தான் விடவில்லை.

ஆகவே தம்பி, பவர் இல்லாத வண்டியில் வட்டத்தை மட்டும் சுருக்குவது சைக்கிள் ஏறத் தெரியாதவன் பைக் வாங்கிய மாதிரி. சரி, உவமை சரியாக அமையவில்லை, விடுங்கள்.

பாகாயம் அக்கா
எனக்கு உங்களுக்கு நேர் எதிர் பிரச்சினை. நான் ஐந்தடி. கிளட்ச் எட்ட வேண்டுமென்று சீட்டை முழுக்க முன்னால் இழுத்து, ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓட்டுவேன். வீட்டுக்காரர் "தையல் மெஷினில் உட்கார்ந்த மாதிரி இருக்கே" என்பார். என் வண்டியில் ஏர்பேக் உண்டு, அதனால் இது வெறும் கேலி இல்லை, ஆபத்து. மார்பெலும்புக்கும் ஸ்டீயரிங் நடுவுக்கும் 25 செ.மீ. இடைவெளியாவது வேண்டும். எனக்கு ஒரு சாண் கூட இல்லை. பை விரிவது கண் சிமிட்டுவதற்குள், அந்த வேகத்தில் பக்கத்தில் இருந்தால் காப்பாற்ற வந்ததே அடித்துவிடும்.

எனக்கு டிரைவிங் சொல்லிக்கொடுத்த பெரியவர் காட்டிய முறையை இங்கே எழுதுகிறேன், உயரமானவர்களுக்கும் குள்ளமானவர்களுக்கும் ஒரே முறைதான். முதுகு முழுக்க சீட்டில் ஒட்டியிருக்க வேண்டும். கையை நேராக நீட்டினால் விரல் இல்லை, மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் உட்கார வேண்டும். விரல்தான் எட்டுகிறது என்றால் தூரம் அதிகம், முழங்கைக்குப் பக்கம் தொடுகிறது என்றால் ரொம்பக் கிட்டே. நான் சீட்டின் உயரத்தை ஏற்றி, சாய்வை நிமிர்த்தி, ஸ்டீயரிங்கைக் கீழே இறக்கி, மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி ஒரு வாரத்தில் சரிக்கு வந்தேன். நடுவில் தலையணை வைத்துப் பார்த்தேன், பிரேக் போடும்போது வழுக்குகிறது, அது வேண்டாம்.

தம்பி, உங்கள் சீட் எவ்வளவு சாய்ந்திருக்கிறது? படுத்துக்கொண்டு ஓட்டுகிற ஆள் மாதிரி தெரிகிறது.

காட்பாடி ஆல்ட்டோ
அக்கா, உண்மையைச் சொன்னால் கொஞ்சம் சாய்வுதான். அப்படி உட்கார்ந்தால் தலை மேலே இடிக்காது என்று வைத்தது.

இன்னொரு விஷயம், யாரும் திட்டக்கூடாது. ஸ்டீயரிங்கை ஏற்கெனவே வாங்கிவிட்டேன். பாஸ் கிட்டோடு சேர்த்து. இந்த இழை போட்ட அன்றைக்கே.

சத்துவாச்சாரி ஒர்க்‌ஷாப்
அப்புறம் எதுக்குப்பா கேட்டே?

ராணிப்பேட்டை தோல்
வாங்கினது வாங்கியாச்சு, அந்தச் சிவப்புத் தையலை மட்டும் ஒரு போட்டோ போடுங்கள், உண்மையான தோலா ரெக்சினா என்று சொல்லிவிடுகிறேன். இருபது வருடமாக இதே வேலை, மேல்விஷாரத்தில் ஆரம்பித்தது.

எல்லோரும் வட்டத்தின் அளவையே பேசுகிறீர்கள், பிடியின் தடிமனை யாரும் பேசவில்லை. ரிம் ரொம்ப மெல்லிசாக இருந்தால் விரல் மடங்கி இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும், ரொம்பத் தடிமனாக இருந்தால் கை சுற்றி வராது. இரண்டிலும் முன்கை வலிக்கும். ஆக்சஸரி கடைகளில் இருநூறு முந்நூறுக்கு ஒரு கவர் விற்கிறார்களே, உள்ளே பஞ்சு வைத்து, அது சுற்றிலும் அரை சென்டிமீட்டர் கனம் என்றால் பிடி ஒரு சென்டிமீட்டர் தடிக்கும், வட்டமும் ஒரு சென்டிமீட்டர் பெருக்கும். அது கூடப் பரவாயில்லை. வேலூர் வெயிலில் மே மாதம் நிறுத்தி வைத்த வண்டியில் அந்த கவர் இளகித் தளர்ந்துவிடும், வளைவில் கவர் ஒரு பக்கம் போகும், ஸ்டீயரிங் ஒரு பக்கம் நிற்கும். நான் சும்மா பயமுறுத்தவில்லை, ரப்பர் வளையம் தளர்ந்த கவரைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

ரிம்மோடு இழுத்துக் கையால் தைக்கிற கவர் போடுங்கள். மாட்டுத் தோல், ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய கனம் போதும், ஆட்டுத் தோல் மெத்தென்று இருக்கும் ஆனால் மோதிரம் பட்டுப் பட்டுக் கிழியும். பதனிடுவதிலும் வித்தியாசம் உண்டு. நம் ஊரில் தாத்தா காலத்தில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டார்கள், செருப்புக்கும் பைக்கும் அது அருமை, ஆனால் சூடு ஏறினால் சுருங்கும். குரோமில் பதனிட்டது கொதிக்கிற தண்ணீரையே தாங்கும், ஸ்டீயரிங்குக்கு அதுதான். தைக்கும்போது தையல் ரிம்மின் உள்பக்கம் இருக்க வேண்டும், உள்ளங்கைக்கு வரக்கூடாது. தொழில் என்று வந்தால் நிறுத்தத் தெரியாது எனக்கு, மன்னிக்கணும்.

பாலாறு மணல்
பாய், கவர் தைத்துக் கொடுத்தால் தண்ணி வரும்போது பாலாற்றில் ஒரு குளியல் உங்களுக்கு என் செலவு.

ராணிப்பேட்டை தோல்
அதாவது இலவசமாகத் தைக்கச் சொல்கிறீர்கள்.

எந்திரவியல் மாணவன்
ஒரு சந்தேகம் இருந்தது, பேராசிரியரிடம் கேட்டு வந்தேன். எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் சின்ன வட்டம் போட்டால் மோட்டார் சமாளித்துவிடாதா என்று. உள்ளே ஒரு முறுக்குக் கம்பி இருக்கிறது, நாம் திருப்பும்போது அது எவ்வளவு முறுகுகிறது என்பதை சென்சார் பார்த்து மோட்டாருக்குச் சொல்லும். சென்சாருக்குத் தெரிவது முறுக்கு மட்டும், கையில் எவ்வளவு பலம் போகிறது என்பது இல்லை. அதனால் அங்கேயும் அதே 15 சதவீதம் கூடத்தான் செய்யும், ஆனால் கொஞ்சத்தில் 15 சதவீதம் என்பதால் யாருக்கும் தெரியாது. ஆல்ட்டோ அண்ணாவுக்குத் தெரியும்.

பிரெஞ்சுக்காரர்கள் பெஜோ கார்களில் 2012-லிருந்து இப்படிச் சின்ன ஸ்டீயரிங் வைத்து, மீட்டரை அதற்கு மேலே தூக்கி வைத்து, ரிம்முக்கு மேலாகப் பார்க்க வைக்கிறார்கள். மொத்த டாஷ்போர்டையும் அதற்காகவே வரைந்தார்கள். அப்படியும் சிலருக்கு அவர்கள் உயரத்துக்கு மீட்டர் மறைகிறது என்ற புகார் உண்டு. நாம் வட்டத்தை மட்டும் மாற்றிவிட்டு மீட்டரை அங்கேயே விட்டால் மக்கன்பேடா அண்ணா கதைதான்.

பாகாயம் அக்கா
அடிப்பக்கம் வெட்டினது மாதிரி தட்டையாக வருகிறதே, ஸ்விஃப்டில் எல்லாம், அது தொடைக்கு உதவுமா?

சத்துவாச்சாரி ஒர்க்‌ஷாப்
நேராகப் போகும்போதும் ஏறி இறங்கும்போதும் உதவும் அக்கா. ரேஸ் வண்டியில் இடம் இல்லாததால் வந்த பழக்கம் அது, அங்கே ஸ்டீயரிங்கை ஒரு சுற்றுகூடத் திருப்ப மாட்டார்கள். நாம் பார்க்கிங்கில் மூன்று சுற்று விடுகிறோம், ரிம்மை நழுவவிட்டுத் திரும்பப் பிடிக்கும்போது வட்டம் இருக்க வேண்டிய இடத்தில் தட்டை வரும். பழகிவிடும், பெரிய விஷயம் இல்லை.

ஏர்பேக் வண்டி வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு ஸ்டீயரிங் மாற்றக் கிளம்பினால் ஒரு வார்த்தை: அதைத் தொடாதீர்கள். 2019 ஜூலையிலிருந்து புது கார் எல்லாவற்றிலும் டிரைவருக்கு ஏர்பேக் கட்டாயம், அது உட்கார்ந்திருப்பதே ஸ்டீயரிங் நடுவில்தான். ஸ்டீயரிங்கை மாற்றினால் உயிரைக் காக்கிற பையையே கழற்றிப் போட்ட மாதிரி. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவும் கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற விடாது, இன்ஷூரன்ஸ்காரர்கள் கேட்கப்போகிற முதல் கேள்வியும் அதுவாக இருக்கும்.

ஆல்ட்டோ தம்பி, ஆரம்பத்திலேயே கேட்டிருக்க வேண்டும். முன் டயர் என்ன சைஸ்? அந்த வண்டிக்கு 145/80, 12 இஞ்ச், அதாவது டயர் அகலம் 145 மி.மீ. பவர் இல்லாவிட்டாலும் ஆல்ட்டோ அவ்வளவு கனமாகத் திரும்பாது.

காட்பாடி ஆல்ட்டோ
மாமா அலாய் வீல் போட்டிருக்கிறார். 13 இஞ்ச், டயரில் 165 என்று இருக்கிறது. காத்து போன மாதம் பார்த்தது.

சத்துவாச்சாரி ஒர்க்‌ஷாப்
அப்பாடா. திருடனைப் பிடிச்சாச்சு. அகல டயர், அதுவும் காத்துக் குறைவு. தரையோடு ஒட்டுகிற இடம் அதிகம், நின்ற இடத்தில் திருப்பினால் ரப்பரைத் தரையில் வைத்துத் தேய்க்கிறீர்கள். தோள் ஏன் பிடிக்காது? இதன் மேல் வட்டத்தையும் சுருக்கப் போகிறீர்கள். காத்தை கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கிற அளவுக்கு வையுங்கள், அலைன்மென்ட் பாருங்கள், வண்டி ஒரு அடியாவது நகரும்போது திருப்பிப் பழகுங்கள்.

காட்பாடி ஆல்ட்டோ
மூன்று வாரம் கழித்து வருகிறேன், நேர்மையாக எழுதுகிறேன்.

யார் பேச்சையும் கேட்காமல் அந்த 13 இஞ்ச்சை மாட்டிக்கொண்டே ஏலகிரி போனேன். காத்து மட்டும் வைத்தேன். வாணியம்பாடி வரை ஹைவேயில் மக்கன்பேடா அண்ணன் சொன்ன படபடப்பு அப்படியே, ஒரு டேங்கர் லாரியைத் தாண்டும்போது காற்று தள்ளியதற்கு நான் கொஞ்சம் அதிகமாகத் திருப்பிவிட்டேன், பின்சீட்டில் பேச்சு நின்றுவிட்டது. பொன்னேரியில் மலை ஏறினோம். மொத்தம் 14 கொண்டை ஊசி, ஒவ்வொன்றுக்கும் புலவர், வள்ளல் என்று பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் மூன்று வளைவு ராஜா மாதிரி திருப்பினேன். அப்புறம் ஏற்றத்தில் முதல் கியர், நாலு பேர் வெயிட்டு, மெதுவான வேகம், ஸ்டீயரிங் இரும்பாகிவிட்டது. எதிரில் பஸ் வந்து ஒரு வளைவில் நின்று, நின்ற இடத்திலேயே திருப்ப வேண்டியதாயிற்று, பக்கத்தில் இருந்த நண்பனும் கை போட்டு இழுத்தான். அந்த வளைவுக்கு எந்தப் புலவர் பெயர் என்று பார்க்கிற நிலைமையில் நான் இல்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் படகுச் சவாரிக்கு எல்லோரும் போனார்கள், நான் துடுப்பைத் தொட மாட்டேன் என்று கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தொடை? பாஸ் கிட் முன்னால் தள்ளியதில் இப்போது வயிற்றில் இடிக்கப் பார்த்தது.

திரும்பி வந்ததும் சத்துவாச்சாரி அண்ணன் ஒர்க்‌ஷாப்பில் பழைய ஸ்டீயரிங்கையே மாட்டினேன். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சிரித்தார், அது இன்னும் மோசம். ஒரிஜினல் சைஸ் டயர் இரண்டாம் கையில் பார்த்துக் கொடுத்தார். அக்கா சொன்ன மாதிரி சாய்வை நிமிர்த்தினேன், தலை இடிக்கும் என்று பயந்தது வீண், மூன்று விரல் இடம் இருக்கிறது. நிமிர்ந்ததால் சீட்டை இரண்டு பல் பின்னால் தள்ள முடிந்தது, மணிக்கட்டு உச்சியில் சரியாக உட்காருகிறது, தொடைக்கும் ரிம்முக்கும் நடுவில் உள்ளங்கை போகிறது. பத்து நாளாகத் தோள் வலி பெரிதாக இல்லை. ராணிப்பேட்டை பாய் கவர் தைத்துக் கொடுத்தார், காசு வாங்கிக்கொண்டார்.

இப்போது பிரச்சினை, கடைக்காரர் அந்த 13 இஞ்ச்சைத் திருப்பி எடுக்க மாட்டாராம். யாருக்காவது வேண்டுமா?

ராணிப்பேட்டை தோல்
அது ரெக்சின். வாங்குகிறவர்களுக்கும் தெரிய வேண்டும்.

எந்திரவியல் மாணவன்
அண்ணா, ஹாஸ்டலில் கார் ரேஸ் கேமுக்கு ஒரு செட்டப் கட்டிக்கொண்டிருக்கிறோம், அதற்கு 13 இஞ்ச்தான் கரெக்ட். பாதி விலைக்குக் கிடைக்குமா?

காட்பாடி ஆல்ட்டோ
பாதி விலை வேண்டாம் தம்பி, ஆற்காட்டு இனிப்பு மக்கன்பேடா ஒரு கிலோ வாங்கிக் கொடு, போதும்.

ஆற்காடு மக்கன்பேடா
என்னைப் பார்க்காதீர்கள், பெயர் மட்டும்தான், கடை எதுவும் இல்லை.

எந்திரவியல் மாணவன்
சரி, ஞாயிறு காலை காட்பாடி ஸ்டேஷன் வாசலில் வாங்கிக்கொள்கிறேன். பாஸ் கிட்டும் சேர்த்துத்தானே?